கைவிட்டவரின் கடிதங்கள்

நஞ்சன்கூடு கோயிலுக்குப் பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்களைப் பற்றி இருநூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்தவர் அபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் குறித்த அந்த நூலைப் பலரும் அறிவர். அவருடைய இன்னொரு நூல் 1823இல் லண்டனில் அச்சானது: ‘இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய கடிதங்கள்’. எல்லோருக்கும் மீட்பு உண்டா என்ற பழைய வழக்கில் நம் மக்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிய நூல் அது.

அந்தத் தீர்ப்பு எப்படிப் பிறந்தது? 1792இல் இந்தியா வந்த துபுவா, ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799க்குப் பிறகு மைசூர்ச் சீமையில் தங்கினார். திப்பு சுல்தான் காலத்தில் சிறைப்பிடிக்கப்பட்டு மதம் மாற்றப்பட்ட கத்தோலிக்கரைத் திரும்பச் சேர்ப்பது அவருக்கு வந்த வேலை. சிறைப்பட்டவர்கள் 60,000 பேர் என்பது அவர் சொல்லும் கணக்கு. அவர்களில் ஒருவர்கூட விசுவாசத்துக்காக உயிர் கொடுக்கத் துணியவில்லையே என்ற ஆற்றாமை கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை. ஆனாலும் ஊர்க்காரர்களைப் போலவே உடுத்தி, அவர்களோடு வாழ்ந்தார். 1803-04இல் 25,000 பேருக்கும் மேல் அம்மை குத்த வைத்தவரும் இவரே.

பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு திரும்பிப் பார்த்தார். சேர்த்தவர்கள் இருநூறு முந்நூறு பேர். மூன்றில் இரண்டு பங்கு தீண்டத்தகாதவர் எனப்பட்டோரும் பிச்சையெடுப்போரும். மற்றவர்கள் திக்கற்று வந்தவர்கள். கல்யாணத்துக்கும் வேறு ஆதாயத்துக்கும் வந்தார்கள் என்று கசந்து எழுதுகிறார். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. ஏசு தேடிப் போனதே இப்படிப்பட்டவர்களைத்தானே? வாசலுக்கு வந்து நின்றவர்களைக் கணக்கில் வைக்காமல், வராத உயர்சாதியாரை நினைத்து ஏங்கியிருக்கிறார்.

1815 முதல் அவர் எழுதிய கடிதங்களில் இரண்டு கேள்விகள் உண்டு. இந்துக்களை உண்மையாக மனம் திருப்ப முடியுமா? வேதாகமத்தை மொழிபெயர்த்துக் கொடுப்பதால் பயன் உண்டா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றார். அதோடு நிற்கவில்லை. நற்செய்தியைத் தள்ளிய இவர்களைக் கடவுளே கைவிட்டுவிட்டார் என்ற அளவுக்குப் போனார். தன் ஏமாற்றத்தைக் கடவுளின் சித்தமாக்கிவிட்டார் என்றே நான் படிக்கிறேன்.

எல்லோருக்கும் மீட்பு உண்டா என்ற வழக்கு மிகப் பழையது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் இறையியலாளர் ஒரிகன், இறுதியில் எல்லா ஆன்மாவும் கடவுளிடம் திரும்பும் என்று எண்ணினார். பின்வந்த இறையியலாளர் அகுஸ்தீன் அதை மறுத்தார். துபுவா நின்றது அகுஸ்தீனின் பக்கத்துக்கும் அப்பால்: அகுஸ்தீன்கூட ஒரு நாட்டு மக்களையே ஒட்டுமொத்தமாகத் தள்ளியதில்லை.

மறுப்பு நம் பக்கத்திலிருந்து போனது. பாளையங்கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினிப் படைக்குக் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப், 1824இல் பதில் நூல் வெளியிட்டார். கவனிப்பாரற்றுக் கிடந்த திருநெல்வேலிச் சபைகளைக் கண்ணால் பார்த்து, 1820இல் மிஷனரி இரேனியஸ் அங்கே வர வழிசெய்தவர் அவர். எந்தச் சாதியாரும் இரட்சிப்புக்கு வெளியே இல்லை என்பதற்கு அவருக்குச் சாட்சி அந்தக் கிராமங்களே.

துபுவாவின் சொந்தத் திருச்சபையும் பின்னாளில் வேறு வழி நடந்தது. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்து, மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அறிவித்தது. எல்லோரும் மீட்படைந்தே தீருவர் என்று அது சொல்லவில்லை. அந்த வாதம் இன்னும் முடியவில்லை.