வேலிக்கு வெளியே

நமது நாட்டின் காற்பந்து வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கிண்ணங்களையும் கோல் எண்ணிக்கையையும் கொண்டே அதனை எழுதியுள்ளனர். அது தவறன்று. ஆயின், திடலைச் சுற்றிய வேலிக்கு வெளியே கால்கடுக்க நின்று, விளையாட்டாளரை ஒருமுறையேனும் அருகிருந்து காணவேண்டுமென ஏங்கி, காணாமலே வீடு திரும்பிய கூட்டத்திற்கும் ஒரு வரலாறு உண்டன்றோ? அக்கூட்டத்தில் ஒருவராக நின்றே நாம் இதனை எழுதுகின்றோம்.

'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் அளித்த கிண்ணத்திற்காக 1921-ஆம் ஆண்டில் மாநிலங்கள் மோதத் தொடங்கின. அவ்வாண்டின் இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என்ற கணக்கில் வென்றது. ஜப்பானியர் காலத்தில் அறுந்துபோன அப்போட்டி 1948-இல் மீண்டும் உயிர்பெற்று, 1967-இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிற்று. இவையெல்லாம் ஏடுகளில் உள்ளவை. ஏடுகள் அதிகம் பேசாத செய்தியொன்றுண்டு. 1989-இல் அரைத் தொழில்முறைப் போட்டி ஏற்படும்வரை, நம் விளையாட்டாளர்களில் பெரும்பாலோர் பந்தை நம்பிப் பிழைத்தவரல்லர். போலீசிலும், மின்சார வாரியத்திலும், வங்கியிலும் பகலெல்லாம் ஊழியம் புரிந்து, மாலையில் பயிற்சிக்கு ஓடியவர்கள். சனிக்கிழமையன்று பல்லாயிரவரை எழுந்து நிற்கச் செய்த கால்கள், திங்கட்கிழமை காலை பஸ்ஸிற்காகக் காத்து நின்றன. ஆகவே, அவர்களைத் தெருவிலோ பசாரிலோ தற்செயலாகக் காணலாமென்னும் ஆசை நமக்குப் பேராசையாகத் தோன்றவில்லை.

அந்நாளில் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு லயத்திற்குப் பின்னிருந்த செம்மண் திடலே உலகம். கோல் கம்பங்களுக்கிடையில் நின்ற பையன் ஒவ்வொருவனும் தன்னை ஆர். ஆறுமுகம் என்றே எண்ணிக்கொண்டான். நெடிய கைகளால் பந்தைப் பற்றியமையால் 'சிலந்தி மனிதன்' எனப் புகழ்பெற்ற சிலாங்கூர்க் கோல்காவலர் அவர். நம்மவர் ஒருவர் நாட்டிற்காகக் கோல் காக்கின்றார் என்பதில் லயத்துப் பெரியவர்களுக்கு இருந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது. பந்தையே தொட்டறியாத கிழவிகளுக்குங்கூட அவர் பெயர் தெரியும்.

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், ஒலிம்பிக் தகுதிக்காக மலேசியா தென் கொரியாவை மெர்டேக்கா அரங்கில் எதிர்த்தது. தோட்டத்து இளைஞர் பலர் லோரியில் புறப்பட, பள்ளிச் சிறுவராயிருந்த நாமும் தொற்றிக்கொண்டோம். வழியிலே டயர் வெடித்தது. சேர்ந்தபோது கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. வெளியே கச்சாங் பூத்தே விற்றவரின் சிறு ரேடியோவைச் சுற்றி நின்றோம். பாட்டரி ஓய்ந்துபோன அப்பெட்டியைக்காட்டிலும் அரங்கின் சுவரே நன்றாகப் பேசியது. ஆட்டம் முடியுந் தறுவாயில் எழுந்த பேரொலியில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோமேயன்றி, கோல் அடித்தவர் யாரென்று அறியோம். ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் செலுத்தினார், 2-1 என்ற கணக்கில் மலேசியா வென்றது என்பதைப் பின்னரே அறிந்தோம். விளையாட்டாளர் வெளிவருவரென ஒரு வாசலில் காத்துக் கிடந்தோம். அவர்களோ வேறொரு வாசல் வழியே சென்றுவிட்டனர். அவர்களுக்கும் ஒரு வாசல் அடைபட்டது: சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து நம் அரசாங்கம் அவ்வாண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது.

நிற்க. சம்பாதிக்கத் தொடங்கியபின் ஆறுமுகத்தை எப்படியும் நேரில் கண்டு ஒரு வார்த்தை பேசிவிடுவதென்று எண்ணி, ஆண்டுதோறும் அடுத்த ஆண்டுக்கென ஒத்திப்போட்டோம். 1988 டிசம்பர் 18-இல் அவர் கார் விபத்தில் மாண்டார், வயது 35. கோல் மன்னர் மொக்தார் டஹாரி 1991 ஜூலை 11-இல் தசை நரம்பு நோயால் மறைந்தார், வயது 37. அவரைக் காண்பதையும் நாம் ஒத்திப்போட்டிருந்தோம்.

இதற்கிடையே 1983-இல் நடந்த ஒன்றைச் சொல்லாமலிருக்கலாம். நமக்கு அது பெருமை தருவதன்று. மோட்டார் சைக்கிள் லைசென்சு எடுக்க ஓர் அலுவலகம் சென்றோம். சன்னலுக்குப் பின்னிருந்த தமிழர் மீதிப் பணத்தில் ஒரு வெள்ளி குறைத்துவிட்டாரெனக் கூச்சலிட்டோம். அவர் முகஞ்சுளியாமல் மறுமுறை எண்ணிக் காட்டினார். குறை நம் கணக்கில்தான் இருந்தது. எண்ணிய விரல்களில் ஒன்று கோணலாயிருந்ததைக் கண்டோம். வெளியே வந்ததும், வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அவரிடமா சண்டை போட்டீர்கள்? ஸ்டேட்டுக்குக் கோல் காத்தவராயிற்றே!" என்றார். திரும்பி ஓடினோம். பகலுணவு வேளை, சன்னல் சாத்தியிருந்தது.

ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குப் பின், கிள்ளானில் ஒரு தேநீர்க் கடையிலே தொலைக்காட்சியில் இங்கிலாந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பெனால்டி அடிக்குமுன்பே, பக்கத்திலிருந்த முதியவர், "கோல்காவலன் கால் சாய்ந்துவிட்டது, உள்ளே போய்விடும்" என்றார். போயிற்று. கோப்பையைப் பிடித்திருந்த விரலைப் பார்த்தோம். அதே கோணல்.

"ஐயா, தாங்கள் ஸ்டேட்டுக்கு ஆடியவரல்லவா?"

"இல்லை தம்பி. நாலு வருஷம் பெஞ்சில் இருந்தேன். ஒரு நாளும் இறக்கவில்லை."

அவரை மாநிலத்திற்குக் கோல் காத்தவரென்று இத்தனை ஆண்டுகளும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்! நாம் தலைகுனிந்ததை அவர் வேறு விதமாக எண்ணிக்கொண்டார் போலும், தேற்றுவார்போல் பேசலானார். அவரும் தோட்டத்துப் பிள்ளையே. விரல் முறிந்தது மாநில ஆட்டத்திலன்று, இரு தோட்டங்களுக்கிடையே நடந்த ஆட்டத்தில், கம்பத்தில் மோதி. அந்தத் திடல் இப்போது வீடமைப்புப் பகுதியாம். கம்பம் நின்ற இடத்தில் யாரோ ஒருவரது சமையற்கட்டு இருக்குமென்று சொல்லிச் சிரித்தார். லைசென்சு விஷயத்தை நாம் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்காகச் சண்டையிட்டவர் பலராயிருப்பர், அவருக்கு நினைவிராது.

எழுமுன் சட்டைப்பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டொன்றை எடுத்தார். மாநிலக் குழுவின் படம். பின்வரிசையில் கடைசியாக நின்றவர் பாதி முகத்தோடு அறுபட்டிருந்தார். கீழே அச்சிட்ட பெயர்களிலும் அவர் பெயர் இல்லை. கோணல் விரலால் அப்படத்தின் ஓரத்தைத் தொட்டு, "இந்தத் தோள் என்னுடையது" என்றார்.