தழும்பில்லாத கொடுமை

ஹைதராபாத்தில் மூசி நதியின் தென்கரையில், 1920ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற உயர் நீதிமன்றக் கட்டடத்தை அந்நகர்வாழ் தமிழர் அறிவர். அதன் குவிமாடங்களை வியப்போர் பலர். இல்லறத்தின் மறைவான துன்பமொன்று சட்டத்தின் கண்ணுக்குப் புலப்பட்ட வரலாற்றில் அம்மன்றத்திற்கும் ஓர் இடமுண்டு என்பதை நினைப்போர் சிலரே.

அடியும் உதையும் கொடுமை என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால், கொடுத்த காசுக்கு நாள்தோறும் கணக்குக் கேட்டு வதைப்பதும், தாய்வீட்டாருடன் பேசவொட்டாமல் தடுப்பதும், மாதக்கணக்கில் முகங்கொடாமல் இருப்பதும் உடலில் தழும்பு வைப்பதில்லை. 'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்று கூறி உறவினரும் வாயடைத்துவிடுவர். இவ்வாறே முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, கொடுமைக்கு ஆளானவர் நேரே மணவிலக்குக் கோர இயலாது. பிரிந்து வாழ ஆணை பெறலாம். அதற்கும், உடன் வாழ்ந்தால் தீங்கு நேரும் என்னும் நியாயமான அச்சத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்நிபந்தனையை நீக்கி, கொடுமையை மணவிலக்குக்கே காரணமாக்கிற்று.

சட்டத்தின் எழுத்து மாறிய வேகத்தில் மனிதரின் எண்ணம் மாறவில்லை. 1982இல் மருத்துவர் ஒருவரை மணந்த, உயிரியலில் முதுகலை பயின்ற பெண்மணி ஒருவர், கணவரும் அவர் பெற்றோரும் பணம் கேட்டு வருத்துவதாக வழக்குத் தொடுத்தார். விசாரணை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றமும், வளர்ந்துவரும் மருத்துவர் தம் மனைவியிடம் பணம் கேட்பதில் வியப்பில்லை என்றும், அப்பெண்மணி அளவுமீறி மனம் நோகும் இயல்பினர் என்றும் கருதிற்று. உச்ச நீதிமன்றம் 1987 நவம்பரில் இத்தீர்ப்பை மாற்றியது. வரதட்சிணை கேட்டு வருத்துவது கொடுமையே; கொடுமை மனத்தைச் சார்ந்ததாகவும் இருக்கலாம்; துன்புறுத்தும் நோக்கம் இல்லாதபோதும் அது கொடுமையாகலாம் என்று நீதிபதி ஜகந்நாத ஷெட்டி விளக்கினார்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், பெண்ணின் உள்ளத்தை வருத்துவதையும் பொருளாதாரத்தால் ஒடுக்குவதையும் வன்முறையெனப் பெயரிட்டது. 2007இல் கணவர் ஒருவர் தொடுத்த வழக்கில், அன்றாடச் சச்சரவுகள் கொடுமையாகா. பல ஆண்டு மணவாழ்வை முழுமையாக நோக்கியே முடிவு காண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆகவே, இத்துன்பம் ஒரு பாலார்க்கு மட்டும் உரியதன்று. நெடுங்காலம் பொறுத்திருந்ததனால் துன்பம் இல்லையென்றும் ஆகாது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஒரு கடமையுண்டு. ஊரும் உறவும் தொலைவில் இருக்க, நான்கு சுவர்களுக்குள் நடப்பதை அறிவோர் எவருமிலர். தொலைபேசியில் ஒரு மகளோ தங்கையோ தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கினால், 'நீ மிகையாக எண்ணுகிறாய்' என்று சொல்லாதிருப்போமாக. அன்று ஒரு பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை சென்று துடைக்க நேர்ந்தது அந்தச் சொல்லைத்தான்.