கண்காணி, அத்தியட்சர், பேராயர்: ஆங்கிலிக்கத் தனித்தன்மையும் திருச்சபை ஒருமைப்பாடும்

1880களில் தொடங்கிக் கோலார் தங்கவயலில் குடியேறிய தமிழருள் பல்வேறு கிறித்தவச் சபையினரும் இருந்தனர். மொழி ஒன்று, சபைகள் வேறு. இத்தகைய பிரிவை நீக்கும் நோக்குடன், ஆங்கிலிக்க அத்தியட்சர்களின் 1888ஆம் ஆண்டு இலாம்பெத் மாநாடு நான்கு அடிப்படைகளை ஏற்றது. அவை திருமறை, விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், அந்தந்த நாட்டிற்கேற்ப அமையும் வரலாற்று அத்தியட்சர் பதவி என்பன. முதல் மூன்றும் சீர்திருத்தச் சபைகளுக்குப் பெரும்பாலும் பொதுவானவை. நான்காவது ஆங்கிலிக்கரின் அடையாளம். ஒருமைப்பாட்டுக்குத் தடையும் அதுவே.

இச்சிக்கல் சொல்வழக்கிலும் புலப்படுகிறது. இப்பதவிக்குரிய கிரேக்கச் சொல் 'மேற்பார்ப்பவர்' எனப் பொருள்படும். பவர் ஐயரின் 1871ஆம் ஆண்டுத் திருப்புதல் அதனைக் 'கண்காணி' எனப் பெயர்த்தது. இலங்கைத் தோட்டங்களில் அச்சொல் தொழிலாளரை மேற்பார்ப்பவனைச் சுட்டியது. ஆங்கிலிக்கரோ தம் தலைவரை 'அத்தியட்சர்' என்னும் வடசொல்லால் அழைத்தனர். இரண்டும் ஒருபொருட் சொற்களே, மதிப்பு வேறு.

1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்திய ஐக்கிய சபையினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அங்கு இன்று வழங்கும் 'பேராயர்' என்னும் சொல் மேற்பார்வையை விடுத்து மேய்ப்பை முன்னிறுத்துகிறது. ஆயினும் கத்தோலிக்கர் அப்பதவியினரை 'ஆயர்' என்பர். அவர்களிடையே 'பேராயர்' அதற்கு மேற்பட்ட நிலை. ஆகவே, பல சபையினர் வாழும் தங்கவயல் போன்ற ஊர்களின் ஆவணங்களைப் பெயர்ப்போர், சொல்லுக்கு முன் சபையை அறிதல் வேண்டும்.