பேழைக்கு வெளியே நின்றவர்கள்

பிரளயத்தில் மாண்டவர்களைப் பற்றி விவிலியத்தின் ஆதியாகமம் அதிகம் பேசுவதில்லை. ஏழாம் அதிகாரத்தின் கடைசியில் மூன்று வசனங்களுக்குள் அவர்கள் கதை முடிந்துவிடுகிறது. நோவா உயிர்தப்பிய பேழைக்கோ நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30 என்று கணக்கே இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய ஓவியர்களின் கண் நூற்றாண்டுகள் கடக்கக் கடக்கப் பேழையை விட்டு, அதில் இடம் கிடைக்காதவர்கள் பக்கம் திரும்பியது. பிரளய ஓவியங்களின் வரலாறு இந்தத் திருப்பத்தின் வரலாறுதான் என்பது என் துணிபு.

ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில், 3, 4ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில், நோவா சிறிய பெட்டி ஒன்றுக்குள் கைகளை விரித்துத் தனியே நிற்கிறார். மனைவி மக்கள் இல்லை, விலங்குகளும் இல்லை. ஒலிவக் கிளையோடு புறா வருகிறது, அவ்வளவே. அருகில் சிங்கங்களுக்கு நடுவே தானியேல், மீனிடமிருந்து மீண்ட யோனா. இறந்தவரைக் கிடத்திய இடத்தில் மீட்கப்பட்டவர்களை வரைவது ஒரு வேண்டுதல். அங்கே வெள்ளத்துக்கு வேலையில்லை. சின்ன ஆசியாவின் அபமேயா நகரம் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் வெளியிட்ட நாணயத்திலும் பேழை பெட்டிதான். அதன்மேல் நோவாவின் பெயர் கிரேக்க எழுத்தில் இருக்கிறது. உள்ளே மனைவியும் உடனிருக்கிறாள்.

6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வியன்னா ஆதியாகமம் என்னும் கையெழுத்துப் பிரதியில் காட்சி மாறுகிறது. ஊதாச் சாயமேற்றிய தோல் ஏட்டில் பேழை படிப்படியாகக் குறுகி உயரும் கோபுரம்போல் நிற்க, சுற்றிலும் உடல்கள் நீரில் புரள்கின்றன.

மிக்கேலாஞ்சலோ சிஸ்டைன் விதானத்தில் (1508-1512) பேழையைப் பின்னுக்குத் தள்ளி, முன்னிடம் முழுவதையும் மக்களுக்கே கொடுத்தார். கவிழ்த்த முக்காலியில் ரொட்டியும் பாத்திரமும் அடுக்கித் தலையில் சுமந்து மேடேறுகிறாள் ஒருத்தி. மனைவியை முதுகில் தூக்கி வருகிறான் ஒருவன். வலப்பக்கப் பாறையில் முதியவர் ஒருவர் உயிரற்ற இளைஞனை ஏந்தி வருகிறார். அழிந்துபோகும் வீட்டிலிருந்து அடுப்படிச் சாமானை எடுத்து வந்தவளைப் பாவி என்று எப்படிச் சொல்வது? வேதம் தீர்ப்பளித்த இடத்தில் ஓவியர் இரக்கத்தை வைத்தார். இப்படைப்பின் துணிச்சலாக நான் காண்பது இதையே.

முகலாய ஓவியம் இத்திருப்பத்தைப் பின்பற்றவில்லை. அக்பர் காலத்தில், 1590 வாக்கில், மிஸ்கின் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியத்தில் பேழை தட்டுத்தட்டாக உயர்ந்து பக்கத்தையே நிறைக்கிறது. உள்ளே மனிதரும் விலங்குகளும். நோவாவின் மக்கள் அதை அழிக்க வந்த இப்லீசைக் கடலில் தள்ளுகிறார்கள். வெளியே வீசப்படுபவன் சாத்தான் என்பதால் பார்ப்பவர் மனம் கலங்குவதில்லை.

பிரான்சின் பூசேன் 1660-64இல் ‘நான்கு பருவங்கள்’ என்ற ஓவியத் தொடரில் குளிர்காலத்துக்குப் பிரளயத்தை வரைந்தார். சாம்பல் ஒளி, பாறையில் ஊரும் பாம்பு, படகிலிருந்து மேலே நீட்டப்படும் ஒரு குழந்தை. 1806இல் பிரெஞ்சு ஓவியர் ஜிரோதே இன்னும் ஒரு படி சென்றார். தகப்பனை முதுகில் சுமந்தபடி மனைவியைக் கைப்பிடித்திருக்கிறான் ஒருவன். அவன் பற்றிய மரக்கிளை முறிகிறது. கிழவர் கையில் பணப்பை. நோவாவும் இல்லை, பேழையும் இல்லை. தாம் தீட்டியது வேதத்துப் பிரளயமல்ல என்று ஜிரோதேயே விளக்கமளித்தார்.