கூட்டு ஊனமும் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்களும்

கூட்டு ஊனம் என்பது ஒருவருக்கு வெவ்வேறு காலங்களில் ஏற்பட்ட உடற்குறைகள் ஒன்றுசேர்ந்து அவரது வேலைத்திறனைக் குறைக்கும் நிலையாகும். இந்தியச் சட்டங்கள் இதனை இரு வேறு அளவுகோல்களால் அளக்கின்றன. ஒன்று சம்பாதிக்கும் திறன் இழப்பு, மற்றொன்று மருத்துவச் சான்றிதழில் குறிக்கப்படும் ஊன விழுக்காடு.

பின்னணி

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் 19 ஆம் நூற்றாண்டிலேயே பஞ்சாலைகள் தோன்றின. தறிகளின் இரைச்சல் செவியையும், பஞ்சுத் தூசி நுரையீரலையும் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் பாதிக்கக்கூடியவை. 1936 சூலை 30 அன்று போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். அதன்பின் 8 மணி நேர வேலைநாள் கிடைத்தது. வேலை நேரத்துக்கு வரம்பு வந்தாலும், ஆண்டுக்கணக்கில் சேரும் பாதிப்பை யார் ஈடுசெய்வது என்பது தனிக் கேள்வியாகவே இருந்தது.

இழப்பீட்டுச் சட்டம்

1963 அக்டோபர் 1 முதல் பல இந்தியச் சட்டங்கள் புதுச்சேரிக்கு விரிவாக்கப்பட்டன. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அவற்றுள் ஒன்று. விபத்து நேர்ந்த வேளையில் தொழிலாளி செய்யக்கூடியதாக இருந்த வேலைகளை அடிப்படையாகக் கொண்டே, 2025 வரை நடப்பிலிருந்த இச்சட்டம் இழப்பை அளந்தது. இதன் பட்டியலில் ஒரு கண் இழப்புக்கு 40 விழுக்காடு தரப்பட்டிருந்தது, ஆனால் 'மறு கண் இயல்பாக இருந்தால்' என்ற நிபந்தனையுடன். முன்பே ஒரு கண்ணை இழந்தவருக்கு இந்த எண் பொருந்தவில்லை. பட்டியலிலிருந்த காயங்களின் விழுக்காடுகள் கூடி 100 ஆனால் அது முழு ஊனமாகக் கொள்ளப்பட்டது.

மெல்ல வரும் நோய்களுக்கு அதில் மூன்றாம் அட்டவணை இருந்தது. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு அதன் 'ஆ' பகுதியிலும், பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் நோய் 'இ' பகுதியிலும் இருந்தன. 'இ' பகுதி நோய்க்குப் பல முதலாளிகளிடம் செய்த வேலையும் கணக்கில் வந்தது. இழப்பீட்டுத் தொகையை அவர்களிடையே ஆணையர் நியாயமான வீதத்தில் பங்கிட்டார். வேலையை விட்டபின் வெளிப்படும் நோய்க்கும், அது அந்த வேலையால் வந்தது என மெய்ப்பித்தால், உரிமை இருந்தது.

உரிமைச் சட்டம்

1995 ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை மட்டும் ஏற்றது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக்கி, பல்வகைக் குறைபாட்டையும் சேர்த்தது. அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு ஊனம் தேவை. இங்கே இரு குறைகள் நேரடியாகக் கூட்டப்படுவதில்லை. வழிகாட்டுதலின்படி, பெரிய அளவை 90 இலிருந்து கழித்து, அதைச் சிறிய அளவால் பெருக்கி, 90 ஆல் வகுத்து, பெரிய அளவுடன் சேர்க்க வேண்டும். 30, 20 விழுக்காடு கொண்ட இரு குறைகள் சேர்ந்தால் 50 அல்ல, சுமார் 43 ஆகும். எனினும் தனித்தனியே தகுதி பெறாத இரண்டும் சேர்ந்து 40 ஐக் கடக்கின்றன.

இரு சட்டங்களின் இடைவெளி

அந்த 21 வகைகளில் நுரையீரல் நோய் இல்லை. செவித்திறன் குறைவும் பிசினோசிஸும் கொண்ட நெசவாளி 1923 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் இரண்டையும் காட்ட முடிந்தது. உரிமைச் சட்டத்திலோ செவிக்குறை மட்டுமே எண்ணப்படும். பிரெஞ்சுக் காலத்தில் ரோடியர் ஆலை எனப்பட்ட ஏ.எஃப்.டி. ஆலை 2020 இல் மூடப்பட்டது. இப்படி மூடப்பட்ட ஆலைகளின் முன்னாள் தொழிலாளர்களுக்கு, எந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பது என்பதே எந்தக் குறை எண்ணப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.