முகம் ஆரோக்கியத்தின் சான்றிதழா? முகக்கவர்ச்சி, இணைத்தேர்வு பற்றிய பரிணாமக் கருத்துகளின் வளர்ச்சி

முன்னுரை

ஒருவரின் உள்ளியல்பை அவர் முகத்திலேயே படித்துவிடலாம் என்ற நம்பிக்கை மிகப் பழையது. 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் லவாட்டர் அதை ஒரு சாத்திரமாகவே வளர்த்தார். பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய் அவரைத் தீவிரமாகப் பின்பற்றியவர். 1831இல் இளைஞர் டார்வினின் மூக்கைக் கண்டு, கடற்பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இவருக்கு இருக்குமா என்று அவர் ஐயுற்றதை டார்வின் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார்.

முகக்கவர்ச்சியை ஆராயும் பரிணாம உளவியல், சோதனையையும் அளவீட்டையும் நம்பி எழுந்த துறை. ஆயினும் முகம் உள்ளிருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்ற பழைய எதிர்பார்ப்பு அதற்குள்ளும் நுழைந்தது. லவாட்டர் முகத்தில் குணத்தைத் தேடினார். பின்வந்தவர்கள் ஆரோக்கியத்தைத் தேடினார்கள். அந்தத் தேடல் எப்படி வலுப்பெற்றது, சோதனையில் எவ்வளவு தேறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

டார்வினும் கால்டனும்

1871இல் வெளியான ‘மனிதனின் தோற்றம்’ நூலில் டார்வின் பாலியல் தேர்வுக் கொள்கையை விரிவாக முன்வைத்தார். பிழைத்திருக்க உதவாத பண்பும், இணையைக் கவர உதவினால் தலைமுறைகளில் பரவும் என்பது அதன் சாரம். மனித அழகைப் பற்றி அவர் எச்சரிக்கையாகவே எழுதினார். பல நாட்டுப் பயணிகளின் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்த அவர், எல்லா மக்களுக்கும் பொதுவான அழகின் அளவுகோல் ஒன்று இல்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அவருடைய உறவினர் பிரான்சிஸ் கால்டன் வேறு வழியில் சென்றார். குற்றவாளிகளுக்கென ஒரு முகச்சாயல் உண்டா என்று அறிய, சிறைக்கைதிகளின் நிழற்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவுசெய்து 1878இல் கூட்டுப்படங்கள் உருவாக்கினார். குற்றச்சாயல் தென்படவில்லை, தனித்தனி முகங்களைவிடக் கூட்டுமுகம் அழகாக இருந்தது. தேடியது கிடைக்காத இந்தச் சோதனையே பிற்கால ஆய்வுகளுக்கு வித்தானது. ஆனால் கால்டன் முகங்களை வகைபிரிக்கும் முயற்சியைக் கைவிடவில்லை. மனித இனமேம்பாட்டுவாதத்துக்குப் பெயர் சூட்டிய அவருடைய 1883ஆம் ஆண்டு நூலில் இந்தக் கூட்டுப்படங்களும் இடம்பெற்றன. இத்துறையின் வரலாற்றில் இந்தக் கறையை மறைத்து எழுத இயலாது.

சராசரி முகத்தின் ஈர்ப்பு

சுமார் நூறாண்டுக்குப் பின், 1979இல் டொனால்ட் சைமன்ஸ், சராசரிக்கு நெருங்கிய முகத்தை விரும்பும் மனப்போக்கை இயற்கைத் தேர்வு உருவாக்கியிருக்கலாம் என்றார். 1990இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜூடித் லாங்லோவா, லோரி ராக்மன் இருவரும் மாணவ மாணவியரின் முகங்களைக் கணினியில் கலந்தனர். 16 அல்லது 32 முகங்கள் கலந்த படங்களுக்கு, தனிமுகங்களின் சராசரி மதிப்பெண்ணைவிட அதிக மதிப்பெண் கிடைத்தது.

சராசரி மட்டுமே அழகு என்பதை 1994இல் டேவிட் பெரெட் குழு மறுத்தது. 60 பெண்களின் கூட்டுமுகத்தைவிட, அவர்களில் மிக அழகியர் என்று தேர்ந்த 15 பேரின் கூட்டுமுகமே அதிகம் விரும்பப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மிகைப்படுத்தியபோது விருப்பம் இன்னும் கூடியது.

ஆரோக்கியக் கருதுகோளின் எழுச்சி

இதே காலத்தில் பறவையியலிலிருந்து ஒரு கருத்து வந்து சேர்ந்தது. ஒட்டுண்ணிகளை எதிர்க்கும் வலிமையைப் பளிச்சிடும் சிறகுகள் அறிவிக்கின்றன என்று 1982இல் ஹாமில்டனும் மார்லீன் ஸூக்கும் வாதிட்டனர். 1993இல் தார்ன்ஹில், கேங்ஸ்டாட் ஆகியோர் இதை மனித முகத்துக்கு விரித்தனர். சராசரி, சமச்சீர், ஆண்மைமிக்க தாடை போன்றவை நோயெதிர்ப்பு ஆற்றலின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. 1999இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, கருத்தரிக்க ஏற்ற நாட்களில் பெண்கள் ஆண்மை மிகுந்த முகங்களை நாடுகிறார்கள் என்றது. இக்கருத்து பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் விரைவாகப் பரவியது.

மறுசோதனைகள்

எதிர்ச்சான்றுகளும் அப்போதே தோன்றத் தொடங்கியிருந்தன. 1998இல் காலிக், ஸெப்ரோவிட்ஸ் குழுவினர், பல்லாண்டு மருத்துவப் பதிவுகள் உள்ளவர்களின் பதின்பருவப் படங்களை ஆராய்ந்தனர். அழகு அவர்களின் ஆரோக்கியத்தை முன்னறிவிக்கவில்லை. மாறாக, முகத்தைப் பார்த்து ஆரோக்கியத்தை மதிப்பிட முயன்றவர்களின் கணிப்பை அழகே திசைதிருப்பியது. அதே ஆண்டில் பெரெட் குழுவின் மற்றோர் ஆய்வு, சற்றே பெண்மை சேர்த்த ஆண்முகங்கள் விரும்பப்படுவதைக் காட்டியது.

2014இல் இசபெல் ஸ்காட் குழுவினர் 12 மக்கள்குழுக்களை ஒப்பிட்டனர். ஆண்மைமிக்க முகத்தின் மீதான நாட்டம், நோய்ச்சுமை மிகுந்த சூழல்களில் கூடவில்லை; நகரமயமான, வளர்ச்சியடைந்த சமூகங்களிலேயே அது வலுவாக இருந்தது. 2018இல் கிளாஸ்கோவில் பெனடிக்ட் ஜோன்ஸ் குழு 584 பெண்களின் ஹார்மோன் அளவுகளைப் பலமுறை அளந்து ஆராய்ந்தது. ஹார்மோன் மாற்றத்தோடு ஆண்மைமிக்க முகத்தின் மீதான நாட்டமும் மாறுகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை.

தேறியது எது?

சராசரி முகத்தின் ஈர்ப்பு மறுசோதனைகளில் பெரும்பாலும் நிலைத்தது. ஆனால் அதன் காரணம் இணைத்தேர்வுதானா என்பது வேறு வினா. 2000இல் ஹால்பர்ஸ்டாட், ரோட்ஸ் இருவரும் நாய்கள், பறவைகள், கைக்கடிகாரங்கள் ஆகியவற்றிலும் மனிதர்கள் சராசரி வடிவையே விரும்புவதைக் கண்டனர். கைக்கடிகாரத்தில் யாரும் இணை தேடுவதில்லை. ஆகவே பழகிய வடிவத்தை மனம் எளிதில் ஏற்கும் பொதுஇயல்பு இதற்கு அடிப்படையாக இருக்கலாம். தான்சானியாவின் ஹட்ஸா வேட்டைச் சமூகத்தில் நடந்த 2007ஆம் ஆண்டு ஆய்வும் இதற்கு வலுச்சேர்க்கிறது. அவர்கள் தம் மக்களின் முகங்களில் சராசரியை விரும்பினர். தாம் அதிகம் கண்டிராத ஐரோப்பிய முகங்களில் அந்த விருப்பம் வெளிப்படவில்லை.

தனிமனித ரசனையும் சிறியதல்ல. 2015இல் லாரா ஜெர்மைன் குழுவினர் 547 ஒற்றைக்கரு இரட்டையர் இணைகளையும் 214 இருகரு இரட்டையர் இணைகளையும் ஒப்பிட்டனர். ஒருவருக்குப் பிடித்த முகம் மற்றவருக்குப் பிடிக்காமல் போவதற்கு மரபணுவைவிட அவரவர் வாழ்வனுபவமே பெருங்காரணம் என்று தெரிந்தது.

முடிவுரை

முகக்கவர்ச்சியில் மனிதர்க்குப் பொதுவான ஒரு பகுதி உண்டு. டார்வின் கருதியதைவிட அது பெரியது. ஆனால் அழகு ஆரோக்கியத்துக்கான சான்றிதழ் என்ற கருத்து, 1990களில் பெற்ற உறுதியை இழந்துவிட்டது. சிறிய மாதிரிகளையும் ஒருசில பல்கலைக்கழக மாணவர்களையும் வைத்து மனித இனம் முழுமைக்கும் விதி எழுதியது இதற்கு முக்கியக் காரணம். மேலும், நிழற்படத்துக்கு மதிப்பெண் இடுவது வேறு. குடும்பம், பொருள்நிலை, பழக்கம், அன்பு எல்லாம் சேர்ந்து முடிவாகும் இணைத்தேர்வு வேறு.

இத்துறை கைவிடத்தக்கது என்பதல்ல இதன் பொருள். தன் முடிவுகளைத் தானே பெரிய அளவில் சோதித்து, பிழைபட்டவற்றை வெளிப்படையாகத் திருத்திக்கொண்டது இத்துறைக்குப் பெருமை. முகத்தைப் படித்துக் குணத்தையும் தகுதியையும் கணிப்பதாகக் கூறும் மென்பொருள்கள் வந்துவிட்ட இந்நாளில், அந்தத் திருத்தங்கள் முதல் அறிவிப்புகளைப் போலவே பரவலாக வாசிக்கப்பட வேண்டும்.