வீட்டுப் பணியாளருக்கான விளிச்சொற்கள்

வீட்டுப் பணியாளருக்கான விளிச்சொற்கள் என்பன சமையல், துப்புரவு, குழந்தை பராமரிப்பு போன்றவற்றுக்காக ஊதியத்திற்கு அமர்த்தப்பட்டவரை அவ்வீட்டார் அழைக்கப் பயன்படுத்தும் சொற்களாகும். தெற்காசிய மொழிகள் பலவற்றில் முன்னிலைப் பெயரும் வினைமுற்றும் மரியாதைக்கேற்ப வேறுபடுகின்றன. ஆகவே இங்கு மரியாதை விளிச்சொல்லுடன் முடிந்துவிடுவதில்லை; அதைத் தொடரும் வினையிலும் வெளிப்படுகிறது.

உறவுமுறைச் சொற்கள்

வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு எனக் கருதப்படுவதால் உறவுமுறைச் சொற்கள் பரவலாக வழங்குகின்றன. தமிழில் அக்கா, அண்ணா, அம்மா, தாத்தா என்பனவும் இந்தியில் தீதி (அக்கா), பையா (அண்ணன்) என்பனவும் இவ்வகையின. கொல்கத்தாவில் மாசி என்பர். இது தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல். "லட்சுமியக்கா" என்பதுபோலப் பெயரையும் உறவையும் சேர்த்து அழைக்கும் தமிழ் வழக்கில் பணியாளரின் பெயர் மறைந்து போவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இழிபொருட்பேறு

மரியாதைச் சொல் ஒன்று தொழிற்பெயராக நிலைத்ததும் அதன் மதிப்புக் குறைவதுண்டு. மராத்தியில் பாயி என்பது பெண்களுக்கான மதிப்பு ஒட்டு. அகில்யாபாயி, இலட்சுமிபாயி ஆகிய அரசியரின் பெயர்களில் இதனைக் காணலாம். மும்பையில் இதே சொல் வீட்டு வேலை செய்யும் பெண்ணையும் குறிக்கலாயிற்று. இதனைத் தவிர்க்க விரும்புவோர் தாயி (அக்கா), மாவ்ஷி (சின்னம்மா, பெரியம்மா) என்கின்றனர். வங்காளதேசத்தில் அத்தையைக் குறித்த புவா என்ற சொல்லுக்கும் இந்நிலையே நேர்ந்தது. அங்கு காலா (தாயின் உடன்பிறந்தாள்) அதற்கு மாற்றாக வழங்குகிறது. தமிழில் "வேலைக்காரி" என்பது ஒரு காலத்தில் இயல்பான சொல்லாக இருந்தது. 1949 இல் திரைப்படமான அண்ணாதுரையின் நாடகத்திற்கு அதுவே தலைப்பு. இன்று நேரில் அவ்வாறு அழைப்பது அவமதிப்பாகும். மாற்றுச் சொற்களும் காலப்போக்கில் இவ்வாறே தேயக்கூடும்.

முன்னிலையும் வினையும்

இந்தியில் தூ, தும், ஆப் என்றும் வங்காளத்தில் துயி, துமி, ஆப்னி என்றும் மூன்று நிலைகள் உள்ளன. தமிழில் நீ, நீங்கள் என்பனவே பெருவழக்கு. "அக்கா, இங்கே வா" என்பது உடன்பிறந்தாரிடையே நெருக்கத்தைக் காட்டும். பணியாளரிடம் வீட்டுச் சிறுவன் கூறினால் அவ்வாறன்று. ஏனெனில் அவர் பதிலுக்கு "நீ" என்று கூற இயலுமா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் 1960 இல் வெளியிட்ட முன்னிலைப் பெயர்கள் பற்றிய ஆய்வு, இருபுறமும் ஒன்றாக வழங்குவது நெருக்கத்தையோ சமநிலையையோ காட்டும் என்றும், ஒருபுறம் மட்டும் தாழ்வது அதிகாரத்தைக் காட்டும் என்றும் விளக்குகிறது. அறுபது வயதுப் பணியாளர் பத்து வயதுச் சிறுமியைச் "சின்னம்மா" என்றழைக்க, அவள் அவரைப் பெயர் சொல்லி அழைப்பது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

படர்க்கையிலும் இதனைக் கவனிக்கலாம். நேரில் "அக்கா" என்பவரே தொலைபேசியில் "வேலைக்காரி இன்று வரவில்லை" எனக் கூறுவதுண்டு. குழந்தைகள் இந்த இரண்டாவது வழக்கையும் கேட்டே வளர்கின்றனர்.

விமர்சனம்

உறவுமுறைச் சொற்கள் தொழிலாளர் என்ற நிலையை மறைக்கின்றன என்ற கருத்தும் உண்டு. "வீட்டில் ஒருவர்" எனப்படுபவருக்கு வார விடுப்பும் ஊதிய உயர்வும் கேட்பது கடினமாகிவிடுகிறது. கொல்கத்தாவை மையமாகக் கொண்டு ராகா ரே, சீமீன் கயூம் ஆகியோர் 2009 இல் வெளியிட்ட நூல் இக்குடும்ப மொழியை விரிவாக ஆராய்கிறது. ஆயினும் உறவுச்சொல்லைக் கைவிட்டுப் பெயரும் "நீ"யும் மட்டும் வழங்குவது இதற்குத் தீர்வாகாது. பெயருடன் "நீங்கள்" வழங்குவது வேறு.

சட்ட வழக்கு

அரசு ஆவணங்களில் "வீட்டுப் பணியாளர்" என்ற சொல்லே இடம்பெறுகிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்கான நல வாரியம் 2007 இல் அமைக்கப்பட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 சூன் 16 அன்று 189 ஆம் உடன்படிக்கையை ஏற்று, வேலை உறவின் அடிப்படையில் வீட்டுப் பணி செய்பவர் எவரும் வீட்டுப் பணியாளர் என வரையறுத்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான இந்தியாவின் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கொள்கிறது.